தங்க ஊருக்குப் போன ஊறுகா பாட்டிலு

எங்க புக்கிட் பெலிம்பிங் ரோட்டுக்குள்ள ஒரு நாள் காலையில வீடு ஒண்ணு கோஸ்தான் எடுத்து பின்னாடியே வந்து என் வாசல்ல நின்னுச்சு. நாலு சக்கரம், ரெண்டு ஜன்னலு, ஜன்னலுக்கு பூப்போட்ட திரை, உள்ள அடுப்பு, கட்டிலு, கக்கூஸு எல்லாம் இருக்கு. அதுக்குப் பேரு காரவானாம். பக்கத்து வீட்டுக்காரி ஓடியாந்து, "யக்கா, மாப்ள ஐஸ்கிரீம் யாவாரம் ஆரம்பிச்சிட்டாரா?"ன்னு கேட்டா.

ஓட்டிக்கிட்டு வந்தவரு என் மருமகன் குமரேசன். ரவாங்குல ஒரு ஃபேக்டரியில சூப்பர்வைசரு. அங்க முப்பது பேர அதட்டுற மனுசன், வீட்டுல அவங்கம்மா தும்முனா எந்திரிச்சி நின்னுருவாரு.

"அத்த, மூணு நாளு லீவு. ரவுப் போறோம். வெள்ளக்காரன் காலத்துல தங்கம் தோண்டுன ஊரு. ஏறுங்க."

ரவுப் பகாங் மாநிலத்துல இருக்கு. எனக்கு எங்க சிலாங்கூரு மாநிலத்தத் தாண்டுனாலே வெளிநாடுதான். வேற சுல்தான், வேற கொடி. பாஸ்போர்ட்டு கேக்காத வெளிநாடுன்னா யாரு வேணாம்பா? நாலு பொடவ, ஒரு தைல பாட்டிலு, பல்லு செட்டு போட்டு வெக்கிற டப்பா, அவ்வளவுதான் எடுத்துக்கிட்டு ஏறிட்டேன்.

ஏறிப் பாத்தா, ஜன்னலோரம் நல்ல எடமாப் புடிச்சி என் சம்பந்தி தனபாக்கியம் ஒக்காந்திருக்காங்க. மருமகனோட அம்மா. என் மக மீனா அவங்க வீட்டுக்கு வாழப் போயி இருவத்தாறு வருசமாச்சு. அந்த இருவத்தாறு வருசமும் எங்களுக்குள்ள "வாங்க சம்பந்தி, சாப்புடுங்க சம்பந்தி"தான். ஒரு வாட்டிகூட ஒருத்தர ஒருத்தர் திட்டிக்கிட்டது இல்ல. அடக்கி அடக்கி எனக்குத் தாடையே வலிக்குது. அதுவும் நான் என்னா தமாசு சொன்னாலும் அந்தம்மா சிரிக்க மாட்டாங்க. மூஞ்சிய கோயில் தூண் மாதிரி வெச்சிக்கிட்டு, "அப்படிங்களா?"ன்னு ஒரு வார்த்த. முடிஞ்சிச்சி.

அன்னிக்கு அவங்க மடியில ஒரு பெரிய பிளாஸ்டிக் பாட்டிலு. நீல மூடி. அதுமேல துண்டு சுத்தி, கொழந்தைய வெச்சிருக்க மாதிரி வெச்சிருந்தாங்க.

"என்னாங்க சம்பந்தி, தாலாட்டு பாடவா?"

"எலுமிச்சங்கா ஊறுகாங்க சம்பந்தி. இன்னும் ஊறல. யாரும் தொடக்கூடாது."

"ஊறாத ஊறுகாய்க்கு எதுக்குங்க ஊரு சுத்திக் காட்டணும்?"

"அப்படிங்களா?"ன்னாங்க.

நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வெச்சி நசுக்கிட்டு கெளம்புனோம். காரவான் அசையும்போது உள்ள இருக்க சட்டி, கரண்டி, நானு, சம்பந்தி எல்லாமே ஒரே நேரத்துல எடது பக்கம் சாஞ்சி, ஒரே நேரத்துல வலது பக்கம் சாஞ்சோம். இருவத்தாறு வருசத்துல நாங்க ரெண்டு பேரும் ஒத்துமையா செஞ்ச மொத வேல அதுதான்.

கோலா சிலாங்கூர் குன்னுல கொரங்கு பாக்கணும்னு சம்பந்திக்கு ஆச. பாத்தாங்க. ரொம்ப கிட்டத்துல பாத்தாங்க. மருமகன் தண்ணி புடிக்கப் போன நேரத்துல ஒரு கொரங்கு கதவத் தொறந்துகிட்டு உள்ள வந்திருச்சி. ரொட்டிய எடுத்துச்சி, சம்பந்தி சும்மா இருந்தாங்க. வாழப்பழத்த எடுத்துச்சி, "போனாப் போவுது, வாயில்லா ஜீவன்"னாங்க. மருமகன் தொப்பியப் போட்டுப் பாத்துச்சி, அதுக்கும் ஒண்ணும் சொல்லல. அப்புறம் அது ஊறுகா பாட்டில்ல கைய வெச்சிச்சு பாருங்க. முட்டி வலின்னு ரெண்டு பேரு தூக்கி விட்டாத்தான் எந்திரிக்கிற சம்பந்தி, பாஞ்சி எறங்கி, பழைய கோட்ட பீரங்கி இருக்க எடம் வரைக்கும் அத வெரட்டிக்கிட்டு ஓடுனாங்க. கொரங்கு பயந்து பாட்டிலப் போட்டுட்டு மரத்துல ஏறிக்கிச்சு. ஏறி, அங்கருந்து கையெடுத்துக் கும்புட்டிருந்தாலும் நான் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டேன்.

ஒரு ஊறுகாய்க்கு இம்மாம் ஓட்டமா? எனக்கு மனசுல சந்தேகம் பூந்திருச்சி. கஞ்சத்தனம்தான், வேற என்னா? மூணு வேள சோத்துக்கும் அந்த பாட்டிலு எங்க முன்னாலயே இருக்கும். மூடி தொறக்காது. சாம்பாரு சப்புன்னு இருந்தாலும் தொறக்காது.

சாயங்காலம் கோலா குபு பாரு பக்கம் ஆத்தோரமா காரவான் நிப்பாட்டுற எடம் ஒண்ணுக்குப் போனோம். பத்துப் பன்னெண்டு வண்டி வரிசையா, ஒழுங்கா, பள்ளிக்கூடப் புள்ளைங்க மாதிரி நிக்குது. மருமகனும் அதே வரிசையில கொண்டாந்து நிப்பாட்டி, பெருமையா எறங்குனாரு. சம்பந்தி கட்டில்ல படுத்துப் பாத்தாங்க. படுத்த வேகத்துல எந்திரிச்சாங்க.

"குமரேசா, தல எந்தப் பக்கம்டா இருக்கு?"

மருமகன் ஃபோன்ல பாத்தாரு. மூஞ்சி சுருங்கிருச்சி. "வடக்கும்மா."

வடக்க தல வெச்சி எங்க ஆளுங்க யாரு படுப்பா? பொணம்கூட யோசிக்கும். மீனா பாவம், "அப்ப தலகாணிய அந்தப் பக்கம் மாத்திப் போடுங்க அத்த"ன்னா.

"அந்தப் பக்கம் கக்கூஸுடி. கக்கூஸ் பக்கமா தல வெப்பேன்?"

நானும் சம்பந்தி கட்சிதான் அதுல. வீட்டத் தூக்கித் திருப்ப முடியாது, ஆனா இந்த வீட்டுக்குத்தான் சக்கரம் இருக்கே. திருப்புங்கன்னோம். மருமகன் முன்னால எடுத்தாரு, கோஸ்தான் எடுத்தாரு. கெழக்கு வரல, தெக்கு வந்துச்சி, அப்ப ரோட்ட அடச்சிக்கிச்சி. பக்கத்து வண்டியிலருந்து ஒரு மலாய்க்காரரு எறங்கி வந்து என்னா பெரச்சனைன்னு கேட்டாரு. மருமகன் மலாய்ல, "எங்கம்மாவுக்கு வடக்கு ஆவாது"ன்னு சொன்னாரு. அந்த மனுசன் சிரிக்கல. "எனக்கும் தொழுவுறதுக்குத் தெச வேணும், நானும் அரை மணி நேரமா அதத்தான் தேடுறேன்"னு அவரு ஃபோன எடுத்தாரு. ரெண்டு ஆம்பளைங்களும் ஆளுக்கொரு ஃபோன கையில வெச்சிக்கிட்டு, பாம்பு புடிக்கப் போறவங்களாட்டம் புல்லுக்குள்ள சுத்துனாங்க. கடசியில அவரு மேக்கால விரிப்பு விரிச்சாரு, நாங்க கெழக்கால தல வெச்சோம். வரிசையில எங்க வண்டி மட்டும் குறுக்கால நின்னுச்சி. விடிஞ்சதும் பாத்தா இன்னும் ரெண்டு தமிழ்க் குடும்பத்து வண்டிங்க குறுக்கால நிக்குது.

மறுநாளு மலையேறி எறங்குனோம். எத்தன வளைவுன்னு தெரியாது, எனக்குக் கண்ணத் தொறக்கவே முடியல. ரவுப் வந்து சேந்தப்ப நானும் மகளும் வெத்தல மாதிரி தொவண்டுட்டோம். சம்பந்தி மட்டும் பாட்டிலக் கட்டிக்கிட்டு ஜம்முன்னு இருந்தாங்க.

பழைய சொரங்கத்தக் காட்டுறேன்னு ஒரு மலாய்ப் பெரியவரு கூட்டிக்கிட்டுப் போனாரு. ஒரு குழி இருந்துச்சி, அதச் சுத்தி வேலி, உள்ள பச்சத் தண்ணி. பக்கத்துக் கொட்டாயி சொவத்துல பழைய படங்க. படத்துல சீனவங்க, வெள்ளக்காரங்க, ஒரு ஓரத்துல முண்டாசு கட்டுன நம்ம ஆளுங்க, எல்லாரும் மண்ணுக்குள்ள தலைய விட்டுக்கிட்டு நிக்கிறாங்க.

"அந்தக் காலத்துல இந்த ஊரு மண்ண ரெண்டு கையால அள்ளுனா, கையில தங்கம் இருக்கும்"னாரு பெரியவரு.

"இப்ப அள்ளுனா?"ன்னு கேட்டேன்.

"இப்ப டுரியான் பழத்துக் கொட்ட இருக்கும்."

ஆத்தோரமா உக்கார வெச்சி, டூலாங்குன்னு மொறம் மாதிரி ஒரு மரத் தட்டக் குடுத்து, மண்ணப் போட்டு சுத்தச் சொன்னாரு. தங்கம் கனமாம், அடியில தங்குமாம். நான் தோட்டத்துல ரேஷன் அரிசிய அரிச்சி கல்லு பொறுக்குனவ. எனக்கா தெரியாது? ஒரு சுத்து சுத்துனேன் பாருங்க, பெரியவரு வாயத் தொறந்துட்டாரு. "பாட்டி, இது எங்க கத்துக்கிட்டீங்க?"

"சமையக்கட்டுல. அரிசிக்குள்ள கல்லு தேடுறதுக்கு பதிலா, கல்லுக்குள்ள அரிசி தேடுறீங்க. அம்புட்டுத்தானே?"

எனக்குக் கெடச்சது ரெண்டு சோடா மூடி. சம்பந்திக்கு ஒண்ணுமே கெடைக்கல. ஏன்னா அவங்க ஒரு கையாலதான் சுத்துனாங்க. இன்னொரு கையில பாட்டிலு.

மத்தியானம் ரோட்டோரத்துல டுரியான் கடை. பலாப்பழத்துக்குத் தம்பி மாதிரி முள்ளு, ஊரையே தூக்குற வாசம். மருமகன் வெலயக் கேட்டாரு, கேட்டுட்டு ஜன்னல ஏத்திக்கிட்டாரு. வண்டிய அங்கயே ஓரங்கட்டிட்டு எல்லாரும் கண்ணசந்துட்டாங்க. சம்பந்தியும் வாயப் பொளந்துகிட்டுத் தூங்குனாங்க. பாட்டிலு மடியிலருந்து நழுவி எம்பக்கமா உருண்டு வந்துச்சி. நான் இழுக்கல. சாமி சத்தியமா அதுவாத்தான் உருண்டுச்சி.

ஜன்னல் வழியாப் பாத்தேன். கடைக்கார சீன அம்மா எம்வயசுதான், ஸ்டூல்ல ஒக்காந்து வெறுங்கஞ்சி குடிக்கிறா. வெறுங்கஞ்சி! பாக்க எனக்கு மனசு கேக்கல. அதோட இன்னொண்ணு, இருவத்தாறு வருசமா இந்த சம்பந்திகிட்ட ஒரு குறும்பு பண்ணணும்னு நானும் ஆசப்பட்டுக்கிட்டே இருக்கேன். எறங்கிப் போயி பாட்டில நீட்டுனேன். சத்தம் கேட்டு சம்பந்தி முழிச்சிரக் கூடாதுன்னு சைகையிலயே கஞ்சியக் காட்டுனேன், பாட்டிலக் காட்டுனேன், டுரியானக் காட்டுனேன். அந்தம்மாவுக்குப் புரிஞ்சிருச்சி. ரெண்டு பழம் குடுத்தா.

திரும்பி வந்து, பாத்தரம் கழுவுற சவர்க்கார பாட்டிலு ஒண்ணு இருந்துச்சி, அதே ஒயரம். அதுக்குத் துண்டச் சுத்தி சம்பந்தி மடியில வெச்சிட்டேன். தூக்கத்துலயே கட்டிப் புடிச்சிக்கிட்டாங்க. எனக்கு உள்ளுக்குள்ள சிரிப்பு தாங்கல.

அந்த சிரிப்பு ஒரு மணி நேரந்தான்.

பாதையோரத்துல நிப்பாட்டி, கடைக்கார அம்மா சும்மா குடுத்தான்னு நான் சொன்ன டுரியான ஒடச்சித் தின்னோம். சம்பந்தி ருசிச்சித் தின்னாங்க. தின்னுட்டு, மருமகனும் மகளும் கை கழுவப் போன நேரம் பாத்து எங்கிட்ட நகந்து வந்தாங்க.

"சம்பந்தி, யாருகிட்டயும் சொல்லல. உங்ககிட்ட சொல்லாம எப்படி இருப்பேன். எங்க ரோட்டுல போன மாசம் மூணு வீடு ஒடச்சிட்டானுங்க. வீட்டப் பூட்டிட்டு வரும்போது எனக்கு உசிரே இல்ல. அதான் என் காசுமாலைய பிளாஸ்டிக்ல சுத்தி ஊறுகாய்க்கு அடியில வெச்சி கொண்டாந்துட்டேன். எந்தத் திருடன் ஊறுகாய்க்குள்ள கைய விடுவான்? ஆவணியில நம்ம கவிதா கல்யாணம். எங்க மாமியா எனக்குப் போட்ட மால, என் பேத்தி கழுத்துல ஏறணும். அதுக்குத்தான் இந்த உசிர வெச்சிருக்கேன்."

கவிதா அவங்களுக்கு மட்டுமா பேத்தி? எனக்கும்தான்.

டுரியான் கொட்ட எந்தொண்டையில நின்னுருச்சி. மீனா ஓடியாந்து முதுகுல குத்துனா. "மெதுவா சாப்புடும்மா, யாரு புடுங்கப் போறா?"ன்னா. புடுங்குறதுக்கு என்னாடி இருக்கு, நான்தான் எல்லாத்தையும் குடுத்துட்டு வந்து நிக்கிறேனே!

ஊருல இருக்கவன்லாம் தங்கத்த எடுக்க ரவுப் வந்தான். தங்கத்தக் கொண்டாந்து குடுத்துட்டுப் போன மொத ஆளு நான்தான்.

"மாப்ள, இன்னும் ரெண்டு டுரியான்!"னு கத்துனேன். மருமகன் முழிச்சாரு. கடைக்குத் திரும்பிப் போனோம். நான் மட்டும் எறங்கி, எனக்குத் தெரிஞ்ச பட்டிக்காட்டு மலாய்ல கேட்டேன். சீன அம்மா மூஞ்சியச் சுளிச்சா.

"மாசாம் லா! அய்யோ, ஒரே புளிப்பு, ஒரே உப்பு. ஒரு வாயிதான் வெச்சேன். என் லோரி டிரைவரு உங்க ஆளுதான், கெர்லிங்காரன். நாளைக்கு அவன் தோட்டத்துக் கோயில்ல சோறு போடுறாங்களாம். ஊறுகா நல்லாருக்குன்னு கேட்டான், குடுத்துட்டேன். இப்பத்தான் போனான்."

கெர்லிங்கு மலைக்கு அந்தப் பக்கம். நம்ம சிலாங்கூரு. வெளிநாட்டுலருந்து காசுமால எனக்கு முன்னால ஊரு திரும்பிருச்சி.

உண்மைய சொல்லலாமான்னு யோசிச்சேன். சம்பந்தி சவர்க்கார பாட்டில நெஞ்சோட அணச்சிக்கிட்டு ஒக்காந்திருந்தாங்க. அதப் பாத்ததும் அந்த யோசனைய விட்டுட்டேன். மறுநாளு காலையில எந்திரிச்ச ஒடனே பொய்ய ஆரம்பிச்சேன்.

"சம்பந்தி, கனவுல மாரியாத்தா வந்தா. கெர்லிங்குல ஒரு தோட்டத்துல இருக்காளாம். இன்னிக்கே வாடின்னு கூப்புட்டா."

சம்பந்தி கன்னத்துல போட்டுக்கிட்டாங்க. "ஆத்தாளே கூப்புட்டாளா! குமரேசா, வண்டியத் திருப்பு."

"அம்மா, இன்னிக்கு வெந்நீர் ஊத்துக்குப் போறோம்னு..."

"ஆத்தா பெரிசா, வெந்நீர் பெரிசாடா?"

வண்டி திரும்பிருச்சி. மலையில அம்புட்டு வளைவுலயும் நான் கண்ணத் தொறந்து வெச்சிக்கிட்டு, "வேகமா போங்க மாப்ள"ன்னுதான் சொல்லிக்கிட்டு வந்தேன். மருமகன் கண்ணாடியில என்னப் பாத்த பார்வ இருக்கே!

கெர்லிங் டவுன்ல ரோட்டோர ஒட்டுக்கடை ஒண்ணுல, "இன்னிக்கு எந்தக் கோயில்ல சோறு?"ன்னு கேட்டேன். கோயிலு பேரு கேட்டாத்தான் யோசிப்பாங்க. சோறுன்னு கேட்டா நாலு பேரு கை காட்டுனாங்க.

எண்ண எடுக்குற செம்பனைத் தோட்டத்துக்குள்ள நாலு வரிச லயத்து வீடுங்க, நடுவுல கோயிலு. வாசல்ல தென்னங்கீத்து தோரணம் கட்டுன வளைவு. காரவான் பாதி நொழஞ்சிச்சி, மேல தோரணத்துல மாட்டிக்கிச்சி. முன்னாலயும் போவல, கோஸ்தானும் வரல. "நீங்க பாத்துக்கிட்டு வாங்க, நான் போயி ஆத்தாகிட்ட சொல்லிட்டு இருக்கேன்"னு நழுவிட்டேன்.

உள்ள கொட்டாயில பந்தி நடக்குது. ஒரு தடிமாடு மாதிரி பையன், கையில அந்த பாட்டிலு. நீல மூடி. முக்கா பாட்டிலு காலி. நான் ஒரு மீசக்கார பெரியவருக்குப் பக்கத்துல சடார்னு ஒக்காந்தேன். எல போட்டாங்க.

"தம்பி, ஊறுகா."

ஒரு துண்டு வெச்சான்.

"இன்னொண்ணு. இன்னொண்ணு வையி. என்னா சிக்கனம், உங்கப்பன் ஊட்டு ஊறுகாயா?"

"பாட்டி, சோறு வேணாமா?"

"சோறு வீட்டுல இருக்கு. ஊறுகா வையி."

ஏழு துண்டு தின்னேன். கண்ணுல தண்ணி, மூக்குல தண்ணி, நாக்கு நெருப்பாட்டம். அடி தெரிஞ்சாத்தானே மால தெரியும்? மீசக்காரரு பாத்துக்கிட்டே இருந்தாரு.

"வேண்டுதலாம்மா?"

"ஆமாங்கய்யா. ஊறுகா வேண்டுதலு."

"பாட்டில இங்கயே வெச்சிட்டுப் போயேன் தம்பி"ன்னேன். "மத்தவங்களுக்கு வேணும் பாட்டி"ன்னு நவுந்துட்டான். நவுந்து, மீசக்காரரு எலையில பாட்டிலக் கவுத்துத் தட்டுனான். தொப்புன்னு ஒரு பிளாஸ்டிக் மூட்ட விழுந்திச்சி.

"என்னாடா இது, ஊறுகாயப் பையோட போடுறீங்க?"ன்னு அவரு பிச்சாரு. நான் கைய நீட்டுனேன், அவரு கையும் எங்கையும் மோதிச்சி. அதுக்குள்ள சோத்துமேல, எண்ண வழிய, தகதகன்னு காசுமால.

"ஆத்தா!"ன்னாரு பாருங்க, கொட்டாயே எந்திரிச்சி நின்னுருச்சி.

ரவுப்புல படத்துல பாத்தேன்னு சொன்னேனே, அத நான் கெர்லிங்குல நேருல பாத்தேன். ஒருத்தி சாம்பாரு வாளிக்குள்ள முழங்கை வரைக்கும் கைய விட்டுட்டா. பாயாசத்த அண்டாவோட கவுத்துத் தேடுனாங்க. ரெண்டு பொம்பளைங்க ரசத்த மொறத்துல ஊத்தி சல்லட போடுறாங்க. ஃபோன் பறக்குது. "மச்சான், ஒடனே வா லா, ஆத்தா ஊறுகாயில தங்கம் குடுக்குறா!" அரை மணியில எட்டுப் பத்து காரு. வந்தவங்க பாதிப் பேரு கையில வீட்டு ஊறுகா பாட்டிலு. சந்நிதியில வெச்சி எடுத்தா ஊறுமாம், தங்கம்.

பாட்டிலு எங்கருந்து வந்திச்சின்னு லோரி டிரைவரக் கேட்டாங்க. அவன் கண்ணு கலங்கி, "ரவுப்புல யாரோ ஒரு கெழவி திடீர்னு வந்து குடுத்துட்டு மறஞ்சிட்டாங்களாம்ணே"ன்னான்.

"கெழவி ரூபத்துல ஆத்தாதான்டா வந்திருக்கா!"

அம்புட்டு பேரும் கன்னத்துல போட்டுக்கிட்டாங்க. நானும் போட்டுக்கிட்டேன். எழுவத்தோரு வயசுல ஒரு மனுசிக்கு இப்படி பதவி உயர்வு கெடைக்கிறது லேசு இல்ல.

கோயில் தலைவரு மாலையக் கழுவி, பூசாரிகிட்ட குடுத்து, அம்மன் கழுத்துல போட்டுட்டாரு. மனுசங்கிட்டருந்து வாங்கிறலாம். அம்மன் கழுத்துலருந்து யாரு கழட்டுவா?

அந்த நேரத்துலதான், மகளையும் மருமகனையும் வாசல்ல மாட்டுன வண்டியோட விட்டுட்டு, தலையில தோரணத்தோட சம்பந்தி வந்து நின்னாங்க. கையில துண்டு சுத்துன பாட்டிலு. அம்மனப் பாத்துக் கும்புட்டாங்க. கும்புட்ட கை அப்படியே நின்னுச்சி.

"அது... அது என் காசுமால."

தலைவரு மொறச்சாரு. "அம்மா, ஆத்தா குடுத்தத உங்களுதுன்னு சொல்லாதீங்க."

"என் மாலைய எனக்குத் தெரியாதா? கொக்கிக்குப் பக்கத்துல ஒரு காசு இல்ல, செவப்பு நூலு சுத்தியிருக்கும். என் ஊறுகா பாட்டிலுக்குள்ளதான் வெச்சிருந்தேன், இந்தா பாருங்க"ன்னு துண்ட உருவுனாங்க. சவர்க்காரம். எலுமிச்ச வாசன சவர்க்காரம்.

சிரிச்சவங்க பாதி. பூசாரி போயி கொக்கியப் பாத்தாரு. ஒரு காசு இல்ல. செவப்பு நூலு இருக்கு. சிரிப்பு நின்னுருச்சி. ஒரு கூட்டம் "குடுத்துருங்கய்யா, பாவம்"னுது. ஒரு கூட்டம் "கழுத்துல ஏறுனது ஏறுனதுதான்"னுது. சம்பந்தி அழுவல. "எம்பேத்திக்கு வெச்சிருந்தேன்"னு மட்டும் சொன்னாங்க. அப்புறம் கூட்டத்துல என்னப் பாத்தாங்க. நான் ஒத்தக் கண்ண மூடித் தொறந்தேன். இருவத்தாறு வருசமா என் ஒரு தமாசும் வெளங்காத பொம்பள, அன்னிக்கு வெளங்கிக்கிட்டாங்க. தெரியாத ஆளப் பாக்குற மாதிரி மூஞ்சியத் திருப்பிக்கிட்டாங்க.

பூசாரி முடிவு சொன்னாரு. "ஆத்தாகிட்டயே கேப்போம். பூ போட்டுப் பாப்போம். வெள்ளப் பூ வந்தா மால அந்தம்மாவுக்கு. செவப்பு வந்தா ஆத்தாளுக்கு. ரெண்டு பக்கமும் சேராத ஒருத்தர் பொட்டலம் கட்டணும்."

"இந்தா, இந்தப் பாட்டிதான் வேண்டுதலுக்கு வந்தவங்க. ஊறுகா மட்டுந்தான் சாப்புட்டாங்க, பாவம்"னாரு மீசக்காரரு.

என்னக் கொண்டுபோயி சந்நிதியில உட்டாங்க. தட்டுல அரளிப் பூ, வெள்ளையும் செவப்பும். எல்லாரும் எம்முதுகுக்குப் பின்னால. எனக்கு முன்னால அவ மட்டுந்தான். மொகத்த நேராப் பாத்துப் பேசுனேன், வாயத் தொறக்காம.

தாயி, தப்பு என்னுது. அந்தம்மாவுது இல்ல. உனக்கு இருக்க நகையே போதும், பொண்ணு கழுத்து வெறுங்கழுத்தா இருக்கு. நான் ஒண்ணு செய்யப் போறேன். வேணாம்னா இப்பவே சொல்லிரு.

அவ ஒண்ணும் சொல்லல. மூணு மூச்சு விட்டுப் பாத்தேன். அப்பவும் சொல்லல.

வெத்தலையில பொட்டலம் ரெண்டு கட்டி வெச்சேன். நடுவுல கொண்ட அவுந்து போச்சி, சரி பண்ணிக்கிட்டேன். பூசாரி குலுக்கிப் போட்டாரு. சின்னப் பொண்ணு ஒருத்தி வந்து ஒண்ண எடுத்தா. பிரிச்சாரு. வெள்ள.

சம்பந்தி தரையில ஒக்காந்துட்டாங்க. பாதிக் கூட்டம் கை தட்டுச்சி. தலைவரு மட்டும் வெவரமான ஆளு. "அந்த இன்னொரு பொட்டலத்தையும் பிரிங்க பூசாரி. எல்லாரும் பாக்கட்டும்."

நான் மெதுவா ஒரு அடி பின்னால நவுந்தேன்.

பிரிச்சாரு. அதுலயும் வெள்ள.

பூசாரி என் கொண்டையப் பாத்தாரு. நான் கோபுரத்தப் பாத்தேன். அவரு ஒரு தரம் கனச்சிக்கிட்டாரு. அப்புறம் ரெண்டு கையையும் மேல தூக்கி, "ஆத்தா ரெண்டு வாட்டி சொல்லிட்டாடா! செவப்பையே வெள்ளையாக்கிட்டாடா!"ன்னு ஒரு சத்தம் போட்டாரு. உறுமி மேளம் கெளம்பிருச்சி. தலைவரே விழுந்து கும்புட்டாரு.

மாலைய வாங்கிக்கிட்டு, மிச்சம் இருந்த டுரியான கோயிலுக்குக் குடுத்துட்டு, தோரணம் அறுந்த காரவான்ல ஏறி, வந்த வேகத்துல கெளம்பிட்டோம். அம்மன் சந்நிதியில டுரியான் வாசம், அதயும் அவ ஒண்ணும் சொல்லல.

மகளும் மருமகனும் முன்னால ஒருத்தருக்கொருத்தர் "உனக்கு எதாச்சும் புரிஞ்சிச்சா?"ன்னு கேட்டுக்கிட்டு வந்தாங்க. பின்னால நாங்க ரெண்டு பேரும். சம்பந்தி மாலைய மடியில வெச்சி ஒவ்வொரு காசா தொடச்சாங்க. எனக்கு வயித்துல ஏழு துண்டு ஊறுகாயும் ஏழு பொய்யும் கொதிக்குது. எப்ப திட்டுவாங்கன்னு காத்துக்கிட்டு இருந்தேன். செம்பன முடிஞ்சி பெரிய ரோடு வந்திச்சி. அப்பத்தான் பேசுனாங்க.

"பாட்டிலு எப்படி அங்க போச்சுன்னு நான் கேக்கப் போறது இல்லீங்க சம்பந்தி. அந்த செவப்பு பூவு எங்க போச்சு, அத மட்டும் சொல்லுங்க."

நான் திரும்பி, கொண்டையக் காட்டுனேன். உள்ளுக்குள்ள சொருவி வெச்சிருந்தது, வண்டி குலுங்குனதுல பாதி வெளிய வந்திருந்திச்சி போல. என் வீட்டுக்காரரு போயி பதினோரு வருசம். அதுக்கப்புறம் தலையில பூவு ஏறுனது அன்னிக்குத்தான். சம்பந்தி அவங்க வீட்டுக்காரர மேல அனுப்பி வெச்சி ஆறு வருசம். எடுத்து வெளிய போடலாம்னு கைய தூக்குனேன். அவங்க எங்கையத் தட்டி விட்டாங்க. பூவ இன்னும் கொஞ்சம் வெளிய இழுத்து, பாக்குறவங்களுக்குத் தெரியிற மாதிரி சொருவி விட்டாங்க.

"நல்லாத்தான் இருக்கு, இருக்கட்டும்"னாங்க. ஜன்னல் பக்கமாத் திரும்பிக்கிட்டாங்க. அப்புறம் திரும்பாமலே சொன்னாங்க, "தட்டுல அம்புட்டு கெடந்திச்சி. திருடுனதுதான் திருடுனீங்க, எனக்கும் ஒண்ணு சேத்து எடுத்தா என்னா?"

சொல்லிட்டு, அந்தத் தூணு சிரிச்சிச்சி.